காது மடலில் பார்த்த நிறம்

1

என் கைப்பேசிக்கு ஒரு கெட்ட பழக்கம். போன வருடம் இதே நாளில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்காமலே ஒரு படத்தை எடுத்து நீட்டும். போன வாரம், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்படி ஒன்றை நீட்டியது. பிறந்து நான்கு நாளான என் மகன் ஆரோன் வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடக்கிறான். முகம் பொன் போல மினுங்குகிறது. கண் மூடியிருக்கிறது. சாதுவான பிள்ளை என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

அவனுக்கு ஒரு வயது ஆன வாரம் அது. நான் ஒன்றும் யோசிக்காமல் அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன். பஸ் ஏறி உட்காருவதற்குள் பதில்கள் வந்து குவிந்துவிட்டன. "அன்னைக்கு என்ன நெறம்! இப்போ எங்க போச்சு மக்கா?" என்று என் கணவர் ஜஸ்டினின் சித்தி மகன். அதற்குக் கீழே நாலைந்து சிரிப்பு பொம்மைகள். ஜஸ்டினின் அக்கா, திருவட்டாறில் இருக்கும் எங்கள் மைனி மட்டும் ஒன்றும் போடவில்லை. வழக்கமாக முதல் ஆளாக வருகிறவர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் மகள் அனிஷா, பத்து வயது, சமையலறை மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கைப்பேசியில் பார்த்திருக்கிறாள் போல.

"ஏன்மா அந்த போட்டோவ போட்ட?" என்றாள்.

"தம்பிக்கு பர்த்டே வந்துதுல்லா, அதான்."

அவள் புத்தகத்தை மூடினாள். "அது நல்ல போட்டோ இல்ல" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அந்தப் படத்தின் கதையை இதுவரை ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று எனக்கு வேலையில் விடுப்பு நாள். ஆரோன் பகல் தூக்கத்தில் இருக்கிறான். எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் ஊர் சிதறால் மலையின் அடிவாரம். வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம். வெயில் எங்கள் முற்றத்துக்கு வந்து சேரவே பத்து மணியாகும். அப்படி நிழலிலேயே வளர்ந்தும் நான் கறுப்பு. ஞாயிறு பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்போது எனக்கு எல்லா வருடமும் மேய்ப்பன் வேடம்தான். தேவதூதன் வேடம் நிறமுள்ள பிள்ளைகளுக்கு. இதில் எனக்கு அப்போது பெரிய வருத்தம் இருந்ததாக நினைவில்லை. மேய்ப்பனுக்குக் கம்பு கொடுப்பார்கள், தூதனுக்கு ஒன்றும் கிடையாது.

அனிஷா பிறந்தது மார்த்தாண்டத்தில். நான் அப்போது மஸ்கட்டில் நர்ஸ் வேலையில் இருந்தேன். பேறுகாலத்துக்கு ஊருக்கு வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் தொடங்கி ஆட்கள் வரிசை. கையில் மட்டிப்பழமோ, சோப்புப் பெட்டியோ, ஒரு சின்ன உடுப்போ இருக்கும். உள்ளே வருவார்கள், பிள்ளையைக் கையில் வாங்குவார்கள், பைய அதன் காதைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாத்திரம் அது. பிறந்த பிள்ளை எதுவும் சிவந்துதான் இருக்கும், அதை நம்பக்கூடாது. காது மடலின் நுனியைப் பார்க்க வேண்டும், பிள்ளை வளர்ந்தால் என்ன நிறம் என்பது அதில் எழுதியிருக்கும். அனிஷாவின் காதை அந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேர் திருப்பினார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. "அம்மைக்க நெறமாக்கும்" என்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா மூக்கும் முழியும் நல்லா இருக்கு கேட்டியா" என்று ஆறுதல் பரிசு ஒன்றும் தருவார்கள். நான் சிரித்துக்கொண்டே காப்பி கொடுக்கச் சொல்வேன்.

ஆனால் அதே ஆட்கள் வேறு சிலதையும் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் அன்று டயப்பர் கிடையாது. அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிகள்தான். நனைய நனைய அலசிப் பின்வாசல் கொடியில் போடுவார்கள். தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் போகிறவர்கள் யாராக இருந்தாலும் அந்தக் கொடியைப் பார்க்காமல் போக முடியாது. குளச்சலிலிருந்து அலுமினியச் சட்டியில் மீன் கொண்டுவரும் மேரி அக்கா, பெத்தவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறா தேடிக் கொண்டுவருவார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே கொடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ பிள்ளே, என்ன இன்னைக்கு கொடியில துணி கொறவு? பிள்ள பால் குடிக்கல்லியா?"

"நல்லா குடிக்கா அக்கா. மழையில்லா, துணியெல்லாம் அடுப்படியில காயுது."

"காட்டு பாக்கட்டு" என்று உள்ளே வந்து, அடுப்படியில் தொங்கிய துணிகளைக் கண்ணால் எண்ணிவிட்டுத்தான் சட்டியை இறக்கினார். பிறகு கண்டம் போட்டுக் கழுவி, சுறாப்புட்டு அவிக்க வாகாகக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் பிள்ளையை நிறுக்கத் தராசு இல்லை. பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறையும், பிறகு ஏறும், ஏறாவிட்டால் ஆபத்து என்றெல்லாம் அந்தப் பாதையில் போகிற யாரும் படித்தவர்கள் இல்லை. ஆனால் பிள்ளைக்குப் பால் கிடைக்கிறதா இல்லையா என்பது ஊருக்கே தெரிந்த விஷயமாக இருந்தது. அப்போது அது எனக்குத் தொந்தரவாகப் பட்டது. இவர்களுக்கு வேறு வேலையில்லையா என்று ஜஸ்டினிடம் போனில் புலம்பினேன்.

3

இங்கிலாந்துக்கு வந்து இப்போது ஆறு வருடம். லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். எனக்கு வேலை, இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்கள் வார்டில். ஜஸ்டினுக்கு ஒரு சரக்குக் கிடங்கில். பஸ் ஓட்டுநர் வரை எல்லோரும் "லவ்" என்று கூப்பிடும் ஊர் இது. முதலில் கேட்டபோது முகம் சூடாகிவிட்டது, இப்போது யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால் என்ன கோபமோ என்று தோன்றுகிறது.

ஆரோன் வயிற்றில் இருக்கும்போது அம்மாவை வரவழைக்க விண்ணப்பம் போட்டோம். கேட்ட காகிதங்கள் எல்லாம் கொடுத்தோம். வீட்டு வரி ரசீது, சபைக் குருவானவரின் கடிதம், என் சம்பளச் சீட்டு. பதில் கடிதம் ஒரு பக்கம்தான். விண்ணப்பதாரர் பயணம் முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்று தங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு விசா கிடைக்காததைவிட அந்த வாசகம்தான் சுட்டது.

"நான் அங்க கெடந்து என்ன செய்யப் போறேன்? எனக்க கோழிக்கு ஆரு தீனி போடுவா? கிறிஸ்மசுக்கு முன்னே வீட்டுக்கு வெள்ள அடிக்கணும். அதை அவனுவகிட்ட சொன்னியா?" என்றார்.

சொல்லவில்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அம்மா வராத குறையை மைனி தீர்த்துவைத்தார். திருவட்டாறில் தையல் கடை வைத்திருக்கிறார். சேலையை ஒரு முறை பார்த்தால் போதும், நாகர்கோவில் போய் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துவருவார், ஒரு நூல் பிசகாது. குடும்பத்தில் நிறம் பற்றிய விஷயம் எதுவானாலும் அவர் சொன்னதுதான் முடிவு. துபாயிலிருந்து வந்த உறவுக்காரப் பையனிடம் சொல்லி எனக்கு ஒரு சிறிய டப்பா குங்குமப்பூ அனுப்பினார்.

"தெனமும் பாலில ரெண்டு இழ போட்டுக் குடி. அனிஷாவுக்கு அப்போ விட்டுப் போச்சு. இதில விடப்பிடாது" என்றார்.

நான் நர்சிங் படித்தவள். குங்குமப்பூவுக்கும் பிள்ளையின் நிறத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் விடாமல் குடித்தேன். பெரியவர் ஆசையாக அனுப்பினார், வீணாக்கக்கூடாது என்று ஜஸ்டினிடம் சொன்னேன். அது பொய். ஆசை என்னுடையதுதான்.

4

ஆரோன் நவம்பர் மாதம் பிறந்தான். மூன்று கிலோ நூறு கிராம் என்று ஒரு சிவப்புப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளையின் எடை, தடுப்பூசி எல்லாம் அதில்தான். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் மிட்வைஃப், பேறு பார்க்கும் நர்ஸ், வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றார்கள்.

இந்த ஊர் நவம்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும், நாலு மணிக்குப் போய்விடும். இடையில் வருவதும் வெளிச்சம் என்று சொல்கிற மாதிரி இருக்காது. குளிருக்குத் திரைச்சீலையை இழுத்து மூடி, மஞ்சள் பல்பு போட்டுக்கொண்டு, அம்மாவும் பிள்ளையும் ஒரு அறைக்குள் கிடந்தோம். ஜஸ்டின் இரண்டு நாள் விடுப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டார்.

ஆரோன் அழவே இல்லை. மார்பில் வைத்தால் நாலு வாய் இழுப்பான், தூங்கிவிடுவான். உள்ளங்காலைத் தட்டி எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குவான். அனிஷா பிறந்தபோது வீட்டையே இரண்டாக்கியவள். இவன் எவ்வளவு நல்ல பிள்ளை, அம்மா தனியாக இருக்கிறாள் என்று தெரிந்து நடந்துகொள்கிறான் என்று நினைத்தேன். நனைந்த டயப்பரைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவேன். சிலது கனமே இல்லாமல் இருந்தது. ஒன்றில் செங்கல் பொடி போல ஒரு கறை இருந்தது. அதையும் சுருட்டிப் போட்டேன். பின்வாசலில் கொடி இல்லை, பாதை இல்லை, பார்த்துக் கேட்க ஆளும் இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து அவன் முகம் மாறத் தொடங்கியது. மைனி தினமும் வீடியோவில் வருவார். நான்காம் நாளும் வந்தார்.

"காதைக் காட்டு, காதைக் காட்டு. இன்னும் பக்கத்தில கொண்டா. ஏட்டி, குங்குமப்பூ வேலை செஞ்சிட்டு பாத்தியா! எங்க அப்பாவுக்க நெறமாக்கும் இது. அச்சு அசல்."

"லைட்டுல அப்பிடித் தெரியுதா இருக்கும் மைனி" என்றேன், ஒரு பேச்சுக்கு. உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வயிற்றில் பிறந்தது பொன் நிறம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிஷாவுக்கு அப்போது ஒன்பது வயது. தமிழ் கேட்டால் எல்லாம் புரியும்.

"அப்போ நான் யாரு நெறம்?" என்றாள்.

"நீ அம்மா நெறம்" என்று அவசரமாகச் சொன்னேன். போனில் மைனி, "உனக்கு மூக்கு நல்ல மூக்கு மக்கா" என்றார். அனிஷா என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம்தான் இந்தப் படத்தை எடுத்தேன். அதை அன்றே இருபது பேருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் அவள் தொட்டிலருகே நின்று சொன்னாள். "அம்மா, பாப்பா பால் சாப்பிட மறந்து மறந்து போறான்."

"பால் சாப்பிடறது இல்ல மக்கா, குடிக்கிறது" என்று திருத்தினேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

5

மிட்வைஃப் பெயர் மார்கரெட். அம்பது வயதுக்கு மேல் இருக்கும், குட்டையான, சிரித்த முகம். வந்ததும் ஈரமான கோட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் நனைகிறது என்று கேட்டார். நாலைந்து என்றேன். உண்மையில் எண்ணவில்லை. பால் குடிக்கத் தானாக எழுகிறானா என்றார். மிக நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை என்றேன். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

ஆரோனின் உடுப்பைக் கழற்றித் தராசில் கிடத்தினார். ஒரு முறை பார்த்தார். எடுத்துவிட்டு, தராசைச் சரிசெய்து, மறுபடி கிடத்தினார். இரண்டு கிலோ எழுநூறு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நாங்கள் கவலைப்படுவோம், இது அதற்கும் மேலே என்றார். பிறகு ஆரோனைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைச்சீலையை விலக்கி, ஜன்னல் பக்கம் நின்றார்.

"இதுதான் இவனுடைய வழக்கமான நிறமா?"

"ஆமாம்" என்றேன். "என் கணவர் வீட்டு நிறம். அவருடைய அப்பா இப்படித்தான் இருப்பார்."

இதைச் சொன்னபோது என் குரலில் இருந்த பெருமை இன்றும் என் காதில் கேட்கிறது. மார்கரெட் விரல் நுனியால் அவன் மூக்கை மெல்ல அழுத்தி எடுத்தார். ஈறைப் பார்த்தார். பிறகு இமையைத் தூக்கிவிட்டு, "நீங்களே வந்து பாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டார்.

கண்ணில் வெள்ளை இல்லை. எலுமிச்சைத் தோல் போல மஞ்சள்.

நான் ஒரு நர்ஸ். என் வார்டில் நோயாளியின் நிறம் லேசாக மாறினால் இமையைத் தூக்கிப் பார்க்காமல் கட்டிலை விட்டு நகரமாட்டேன். பெற்ற பிள்ளையின் காதை ஐந்து நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்த எனக்கு, அவன் இமையைத் தூக்கத் தோன்றவில்லை.

மார்கரெட் ஆரோனின் நெற்றியில் ஒரு சிறிய கருவியை வைத்து எடுத்தார், அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்தார். மருத்துவமனை அழைப்பை எடுக்கும் வரை எனக்கு மெதுவாக விளக்கினார். பால் போதாமல் போனால் மலம் சரியாகப் போகாது. மலம் போகாவிட்டால் ரத்தத்தில் இருக்கும் காமாலை மஞ்சள் உடம்பை விட்டு வெளியேறாது. மஞ்சள் ஏற ஏறப் பிள்ளை மயங்கித் தூங்கும். தூங்கத் தூங்கப் பால் குடிக்காது. "சில பிள்ளைகள் இப்படி அமைதியாகவே மோசமாகிவிடுவார்கள்" என்றார். "கறுப்புத் தோலில் இது கண்ணுக்குத் தெரிவது கடினம். அதனால்தான் கண்ணையும் ஈறையும் பார்க்கிறோம். உங்கள் மேல் தப்பில்லை, லவ்."

என் மகனைக் கறுப்புத் தோல் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் முறை. அந்த அவசரத்திலும் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

6

கிடங்கில் போடும் பளபளப்புச் சட்டையோடு ஜஸ்டின் மருத்துவமனைக்கு ஓடிவந்தார். அதற்குள் ஆரோனின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, முடிவும் வந்திருந்தது. இளம் டாக்டர் ஒருவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஒரு கோடு, அதற்கு மேலே இருந்தால் ஒளி சிகிச்சை. அதற்கும் மேலே இன்னொரு கோடு, அதைத் தொட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டும். ஆரோனின் புள்ளி முதல் கோட்டைத் தாண்டி, இரண்டாவது கோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதற்கு மேல் ஏறினால் மூளையைப் பாதிக்கும். காது கேட்காமல்கூடப் போகலாம்" என்றார் டாக்டர்.

எந்தக் காதைக் காட்டு காட்டு என்று கேமராவுக்கு முன்னால் பிடித்தோமோ, அந்தக் காது.

கண்ணைக் கட்டி, ஒரு டயப்பர் மட்டும் போட்டு, நீல விளக்குக்குக் கீழே கிடத்தினார்கள். என் பாலைக் கறந்தும், பற்றாததற்குப் பால்மாவு கரைத்தும், ஒரு சின்னக் கோப்பையால் கொடுத்தார்கள். பால்மாவு வேண்டாம் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். ஜஸ்டின் என் தோளைப் பிடித்தார். "ஏட்டி, குடிக்கட்டு. முதல்ல குடிக்கட்டு."

டாக்டர் போகும்போது ஆறுதலாக ஒன்று சொன்னார். "ஓரிரண்டு நாளில் மஞ்சள் இறங்கிவிடும். அவனுடைய சொந்த நிறம் வந்துவிடும்."

இனி எழுதப்போவதை ஜஸ்டினிடம்கூடச் சொன்னதில்லை. சொந்த நிறம் வந்துவிடும் என்று கேட்டதும், என் மனதில் முதலில் வந்தது நிம்மதி இல்லை. ஐயோ, இந்த நிறம் போய்விடுமே என்றுதான் வந்தது. ஒரு நொடிதான். அடுத்த நொடி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே என்னை மன்னியும் என்று தமிழில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தாள். ஆனால் அந்த ஒரு நொடி வந்தது வந்ததுதான்.

அந்த விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு நாளும் எனக்கு ஊர்தான் நினைவு. மழையில் ரப்பர் இலை சொட்டும் சத்தம், அடுப்படிப் புகையில் காயும் வேட்டித் துணியின் மணம், மேரி அக்கா சட்டியோடு உள்ளே வந்து எண்ணியது. ஊரில் இருந்திருந்தால் மூன்றாம் நாளே யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அழுகையாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் தோன்றியது. ஊரில் இருந்திருந்தால் ஆட்கள் வரிசையாக வந்து நிறத்தைக் கொண்டாடியும் இருப்பார்கள். எது முந்தியிருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் ஊரைவிட்டு வரும்போது காதைத் திருப்புகிற பழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டேன்.

7

மருத்துவமனைக்கு வந்த மூன்றாம் நாள் ஆரோனின் புள்ளி கோட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கியது. எடையும் ஏறத் தொடங்கியது. ஆரோன் பசித்து வீரிட்டு அழுதான். அந்த வார்டிலேயே அழுகையைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே குடும்பம் நாங்கள்தான். காதைப் பாதித்திருக்காது என்றுதான் நினைக்கிறோம், ஆனாலும் ஆறு வாரம் கழித்து ஒரு பரிசோதனை செய்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று மைனி வீடியோவில் வந்தார். பகல் நேரம், திரைச்சீலையைத் திறந்து வைத்திருந்தேன். மைனி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பிள்ள கறுத்துப் போச்சே! அந்த லைட்டு சுட்டுப் போட்டுதோ?"

ஜஸ்டின் அக்காவிடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்று என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "அக்கா, அது நெறம் இல்ல. சீக்காக்கும். நீங்க கொண்டாடுனது பிள்ளைக்க சீக்கை. ஒரு நாள் பிந்தியிருந்தா பிள்ள நமக்கு இப்பிடிக் கிடைச்சிருக்காது."

திரை கறுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வாரம் அவர் கூப்பிடவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

ஜஸ்டின் கோபப்பட்டது சரி என்று நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் மைனி பார்த்தது கடல் கடந்து வந்த ஒரு கைப்பேசிப் படத்தை. நான் பார்த்தது என் மடியில் கிடந்த பிள்ளையை. அந்தத் திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது. வாங்கிக்கொள்ள மைனி இருந்ததால் நான் தப்பித்துக்கொண்டேன்.

அனிஷா அன்று தொட்டிலில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, யாருக்கும் சொல்லாதது போலத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். "இப்ப இவன் என்னை மாதிரி இருக்கான்." அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

8

காது பரிசோதனை கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தது. அனிஷாவுக்குப் பள்ளி இல்லை, கூட வந்தாள். அந்த ஆறு வாரமும் நான் செய்தது ஒன்றுதான். பாத்திரத்தைத் தட்டுவேன், கதவைச் சாத்துவேன், ஆரோன் திடுக்கிடுகிறானா என்று பார்ப்பேன். சில நேரம் திடுக்கிடுவான், சில நேரம் தூங்கிக்கொண்டே இருப்பான். தூங்கும்போதெல்லாம் மறுபடி தட்டுவேன்.

தூங்கும் பிள்ளையின் காதில் மெத்தென்ற ஒரு குமிழை வைத்து, பரிசோதனை செய்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காது. பிறகு இன்னொரு காது. அவள் திரும்பிச் சிரித்து, "இரண்டும் நன்றாகக் கேட்கிறது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அனிஷாவுக்கு வெட்கமாகிவிட்டது, "அம்மா, ப்ளீஸ்" என்றாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்று, யோசிக்காமல் மைனியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மைனி, டெஸ்ட் முடிஞ்சு. ரெண்டு காதும் கேக்குது."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "போனை அவனுக்க காதில வையி" என்றார்.

வைத்தேன். ஆரோன் கண்ணை அகலத் திறந்து, காற்றில் எதையோ பார்த்துக்கொண்டு, அசையாமல் கிடந்தான். போனிலிருந்து முணுமுணுப்பாக ஒரு குரல் வந்தது. வண்டிகள் போகும் இரைச்சலில் எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. எடுத்துப் பேசியபோது, "அனிஷா நிக்காளா? அவகிட்ட குடு" என்றார்.

அனிஷா போனை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றாள். "ஆமா மாமி" என்றாள். பிறகு "இல்ல மாமி." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் "சரி மாமி" என்று சொல்லிப் போனை என்னிடம் தந்தாள்.

"மாமி என்ன சொன்னாங்க?"

"தம்பிகிட்ட சாரி சொன்னாங்களாம். என்கிட்டயும் சொன்னாங்க."

"உன்கிட்ட எதுக்கு?"

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். "உனக்குத் தெரியும்மா" என்றாள்.

எனக்குத் தெரியும். அப்போதே அவளை இழுத்து அணைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்தது, தள்ளுவண்டியை மடிக்க வேண்டியிருந்தது, சில்லென்று காற்று அடித்தது. இப்படியே கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடிவிட்டது. திருவட்டாறில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க மைனியால் முடிந்தது. நான் போன வாரம் அதே படத்தை மறுபடி எல்லோருக்கும் அனுப்பினேன்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் மனம் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஊரில் இதை நீங்கள் எல்லோரும் வாசிப்பீர்கள். அனிஷாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசவும் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே அவளுக்குச் சேர வேண்டியது இந்தக் காகிதத்தால் சேரப்போவதில்லை, வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும்.

மணி மூன்று. ஆரோன் எழுந்து அழுகிறான். அவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, இன்று நானே பள்ளி வாசலுக்குப் போகிறேன்.